கேமராவும் அதன் பரிவாரமும்

2003-ஆம் ஆண்டு கேனன் நிறுவனம் ஈ.ஓ.எஸ். 300டி என்னும் கேமராவை, லென்ஸ் நீங்கலாக, அமெரிக்காவில் 899 டாலருக்கு வெளியிட்ட பின்னரே டிஜிட்டல் எஸ்.எல்.ஆர்., அதாவது லென்ஸ் வழியே வரும் ஒளியை உள்ளிருக்கும் கண்ணாடி மடக்கிப் பார்ப்பவரின் கண்ணுக்கு அனுப்பும் கருவி, பொழுதுபோக்குப் படக்காரரின் கைக்கு எட்டியது. 'லென்ஸ் நீங்கலாக' என்பதன் முழுப்பொருளும் அவருக்கு விளங்கச் சில மாதங்கள் பிடித்தன. கூடவே நூறு டாலருக்குக் கிடைத்த 18-55 மி.மீ. லென்ஸ் வெகு நன்றாகவே வேலை செய்தபோதிலும், பெட்டியோடு வந்தது என்ற ஒரே குற்றத்துக்காக அது இகழப்பட்டது. அதனிடத்தில், பின்னணியை மங்கலாக்கும் 50 மி.மீ. லென்ஸ் அமர்ந்தது. ஆனால் இக்கேமராவின் சென்சார், ஒளியை மின்குறியாக மாற்றும் அந்தச் சில்லு, 35 மி.மீ. பிலிமைவிடச் சிறியதாகையால், அந்த லென்ஸ், பிலிமில் 80 மி.மீ. லென்ஸ் குறுக்கும் அளவுக்கே காட்சியைக் குறுக்கிற்று. ஆகவே கூடத்தில் நிற்கும் குடும்பத்தை ஒரே படத்தில் அடக்க முயன்றவர் முதுகு அலமாரியில் இடிக்கும்வரை பின்வாங்கினார், அப்போதும் மாமனாரின் பாதி முகம் வெளியே நின்றது (பெரிய இழப்பில்லை என்போரும் உண்டு). லென்ஸின் துளை, ஷட்டரின் வேகம், சென்சாரின் ஒளியுணர்திறன் ஆகிய மூன்றையும் தாமே ஆளவேண்டும் என்று வாங்கியவர், சக்கரத்தைப் பச்சைக் கட்டத்தில், அதாவது எல்லாவற்றையும் கேமராவே முடிவுசெய்யும் நிலையில், நிறுத்திவிட்டு, லென்ஸ் மாற்றுகையில் சென்சாரில் படிந்த தூசியை ஊதுவதற்கு ரப்பர் குமிழொன்றை விலை விசாரிக்கத் தொடங்கினார்.