கருமபீடத்துக்கு வராத பாவிகள் எழுதுவது

பெறுநர்:
மேன்மைதங்கிய பணமீளளிப்புப் பிரிவு,
பெயர் சொன்னால் வழக்குப் போடக்கூடிய ஒரு விமான நிறுவனம்,
கொழும்பு.

பெருமதிப்புக்குரிய ஐயா, அம்மணி, அல்லது தானாகவே பதில் எழுதும் இயந்திரமே,

தங்கள் மின்னஞ்சல் சென்ற செவ்வாய்க்கிழமை காலை கிடைக்கப்பெற்றோம். கிராண்ட்பாஸ் வீதியில் ஒரு கொள்கலன் லொறி திரும்ப முடியாமல் குறுக்கே நிற்க, ஆமர் வீதிச் சந்தி வரைக்கும் எல்லாரும் ஹோன் அடித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்தச் சத்தத்திலும் தங்கள் எழுத்தின் இனிமை குன்றவில்லை. "2020 மார்ச் 23 சென்னை – கொழும்பு பயணத்துக்குப் பயணிகள் நால்வரும் கருமபீடத்துக்குச் சமுகமளிக்காதபடியால், 'வரத் தவறியோர்' என வகைப்படுத்தப்பட்டுள்ளனர். கட்டணம் மீளளிக்கப்பட மாட்டாது. இத்துடன் கோப்பு மூடப்படுகிறது." அதற்குக் கீழே, தங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவோம் என்று கேட்டு ஐந்து வெற்று நட்சத்திரங்கள்.

மாமிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்போ அன்னைக்கு பிளேன் வந்து நின்னுச்சா, மகள்?"

எனக்கும் அதே கவலைதான். கட்டுநாயக்க 19ஆம் திகதி விடியற்காலையோடு வருகைகளுக்குக் கதவைச் சாத்திவிட்டது. 22ஆம் திகதி முதல் இந்தியாவும் சர்வதேச விமானங்களை நிறுத்திவிட்டது. அப்படியிருந்தும் தங்கள் விமானம் மட்டும் இரண்டு நாட்டுச் சட்டத்தையும் மீறி, மீனம்பாக்கத்தில் தனியாக வந்து நின்று, "கிராண்ட்பாஸ் குடும்பம் எங்கே, கிராண்ட்பாஸ் குடும்பம் எங்கே" என்று தேடியிருக்கிறது. ஐயோ பாவம், எவ்வளவு நேரம் காத்திருந்ததோ.

ஆனால் ஐயா, நாங்கள் வந்தோம். இந்தச் சின்ன விடயத்தை மட்டும் தாழ்மையுடன் பதிவு செய்துகொள்கிறேன். முந்தின இரவு தங்கள் குறுஞ்செய்தி வந்திருந்தது: "இனிய பயணம்! மூன்று மணி நேரத்துக்கு முன்னரே வருகை தரவும்." பிளேன் ஓடாது என்பது எங்களுக்கும் தெரியும், மண்ணடி லொட்ஜில் வாளியில் சுடுதண்ணீர் கொண்டுவரும் பையனுக்கும் தெரியும். தங்கள் கணினிக்கு மட்டும்தான் யாரும் சொல்லவில்லை. தொலைபேசியையும் எவரும் எடுக்கவில்லை. கணினி கூப்பிட்ட பிறகு போகாமலிருந்தால் மரியாதையா? போனோம். புறப்பாட்டு வாசலில் நின்ற காவலர் முகக்கவசத்தை நாடிக்கு இறக்கி, எங்கள் டிக்கெட் தாளை விளக்குக்கு நேரே பிடித்து மேலும் கீழும் வாசித்தார். "இந்த பிளைட்டே இல்லம்மா. உங்களுக்கு யாரும் சொல்லலையா?" உள்ளூர்ப் பயணிகள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்களைச் சுற்றிப்போனார்கள். மாமி ஒரு தள்ளுவண்டியின் விளிம்பில் உட்கார்ந்து செபமாலையை எடுத்துவிட்டார். வெயில் ஏறும்வரை அங்கேதான் இருந்தோம். தங்கள் கருமபீடம்தான் வரவில்லை. தங்கள் அகராதிப்படி அதுவும் 'வரத் தவறியது'தான். அதற்கு அபராதம் எவ்வளவு என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

அடுத்த நாள் மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடையுத்தரவு. அதற்கும் அடுத்த நாள் இந்தியா முழுவதும் முடக்கம். ஆனாலும் நாங்கள் முயன்றிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். தனுஷ்கோடிவரை நடந்து, அங்கிருந்து இராமர் போன வழியில் இறங்கியிருக்கலாம். அவருக்கு வானரசேனை இருந்தது. எங்களுக்கு இரத்த அழுத்தக் குளிசை தீர்ந்துபோன மாமியும், தி.நகரில் வாங்கிய சேலைகளால் பூட்ட முடியாத பெட்டியும் இருந்தன. இந்தியக் கடற்படை 'சமுத்திர சேது' என்று பெயர் வைத்து, ஜலாஷ்வா என்ற கப்பலைக் கொழும்புக்கே அனுப்பி, தன் பிரசைகளை ஏற்றிக்கொண்டு ஜூன் 2ஆம் திகதி தூத்துக்குடியில் இறக்கியது. அதாவது பாலம் இருந்திருக்கிறது, எதிர்த்திசையில். அதிலும் நாங்கள் வரத் தவறிவிட்டோம்.

எங்கள் முறை வந்து சிறப்பு விமானத்தில் இடம் கிடைத்தபோது கோயம்பேட்டுச் சந்தையிலிருந்து சென்னை முழுவதும் தொற்று பரவியிருந்தது. படிக்கும் பிள்ளைகளை முதலில் ஏற்றினார்கள், அதில் எங்களுக்குக் குறையில்லை. புது டிக்கெட்டுக்குப் புதுக் காசு. லொட்ஜ் வாடகைக்கு மாமியின் காப்பு ஏற்கனவே மண்ணடி அடகுக்கடைக்குப் போயிருந்தது. கட்டுநாயக்கவில் இறங்கியதும் பெட்டிகளுக்கு மருந்து தெளித்து, பஸ்ஸில் ஏற்றி, இராணுவத்தின் தனிமைப்படுத்தல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். காலையில் பாண், பருப்பு, சம்பல். அந்தச் சிப்பாய்கள் ஒரு நாளும் வரத் தவறவில்லை என்பதைத் தங்கள் பயிற்சிப் பிரிவுக்குத் தெரிவிக்கலாம்.

பிறகு தங்கள் பெருந்தன்மை. காசுக்குப் பதிலாக வவுச்சர்! அதே வழித்தடத்துக்கு மட்டும், ஒரு வருடத்துக்குள், 2021 ஜூனுக்கு முன். எவ்வளவு அழகான ஏற்பாடு! இந்தியா சுற்றுலா விசா கொடுப்பதை மறுபடி தொடங்கியதே 2021 ஒக்டோபரில். வழமையான சர்வதேச விமானச் சேவையை அனுமதித்தது 2022 மார்ச் 27இல். ஒருவரும் போக முடியாத ஊருக்கு, ஒருவரும் போக முடியாத காலத்தில், நாலு பேருக்கு இலவசப் பயணம். அந்த வவுச்சரும் தன் காலத்தில் எங்களைத் தேடி, நாங்கள் வராததைக் கண்டு, மனமுடைந்து காலாவதியாகிவிட்டது.

காலாவதியாகும் முன்பே அதை நீடிக்கக் கேட்டோம். மூலப் பத்திரங்களோடு நேரில் வரச் சொன்னீர்கள். எப்போது? 2020 ஒக்டோபர் கடைசியில். பேலியகொடை மீன்சந்தையில் தொற்று வெடித்து, முகத்துவாரம், மட்டக்குளி, கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ் என்று வடகொழும்பு முழுவதும் ஊரடங்கில் கிடந்த நேரம். எங்கள் ஒழுங்கை வாயில் கயிறு கட்டி, கயிற்றுக்கு அந்தப் பக்கம் பொலிஸ். பால்மாவுக்கே கயிற்றின் மேலால் கைநீட்ட வேண்டியிருந்தது. தங்கள் அலுவலகத்துக்கோ கோட்டை வரை நீளமான கை தேவைப்பட்டது. குறித்த திகதிக்கு நாங்கள் சமுகமளிக்கவில்லை. ஆம், மறுபடியும் வரத் தவறியோர்.

அந்த நாட்களில் யார்தான் ஒழுங்காக வந்தார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். நோய் வராதிருக்க அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி நவம்பரில் மந்திரித்த தண்ணீர் முட்டியை ஆற்றில் போட்டார். ஜனவரியில் அவருக்கே தொற்று. கொரோனா ஒன்றுதான் கருமபீடத்துக்கு நேரத்துக்கு வந்த பயணி. இல்லை, இன்னும் ஒரு கூட்டம் உண்டு. டிசம்பர் 28ஆம் திகதி மத்தளையில் உக்ரேன் சுற்றுலாப் பயணிகள் வந்து இறங்கினார்கள். வளைகுடாவில் வேலை போய், சம்பளம் போய், வீட்டுக்கு வர விமானம் கேட்டு எங்கள் ஊர்ப் பெண்கள் காத்துக் கிடந்தபோது, அந்தப் பயணிகளுக்கு யால காட்டில் யானை காட்டினார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அழைத்தார்கள், வந்தார்கள். நாங்களும் பணம் கட்டியவர்கள்தான், எங்களுக்கு இது பிறந்த மண்ணும்கூட. எங்களை அழைத்தது ஒரு குறுஞ்செய்தி மட்டும்.

இப்போது காசுக் கணக்கு. டிக்கெட் வாங்கிய மாதத்தில் ஒரு டொலர் சுமார் 185 ரூபாய். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்ட பிறகு, மே மாதத்தில் டொலர் 360ஐத் தாண்டியது. தாங்கள் வைத்திருந்த எங்கள் காசு பெட்டிக்குள் இருந்தபடியே பாதியாகிவிட்டது. விமான நிலைய வரியை மட்டும் திருப்பித் தரலாம் என்று ஒரு குறிப்பை இணைத்திருக்கிறீர்கள், அதிலும் 'கோப்பு ஆய்வுக் கட்டணம்' கழித்து. மிச்சத்துக்கு எங்கள் சந்திக் கடையில் நாலு பேரும் பிளேன்டீ குடிக்கலாம். வடை கேட்டால் கையிலிருந்து போட வேண்டும்.

உலகமெல்லாம் இப்படித்தான் என்று தங்கள் அலுவலர் ஒருவர் தொலைபேசியில் ஆறுதல் சொன்னார். அரைவாசி உண்மை. 2020 ஏப்ரலில் விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டா, பயணிகளுக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டிய தொகை 35 பில்லியன் டொலர் என்று கணக்குக் காட்டி, காசுக்குப் பதில் வவுச்சர் கொடுக்க அரசாங்கங்களிடம் அனுமதி கேட்டது உண்மைதான். மற்ற அரைவாசியை அவர் சொல்ல மறந்துவிட்டார். அதே வருடம் ஒக்டோபர் 1ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம், முடக்கத்தால் நின்ற பயணங்களுக்குக் காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கடன் கணக்காக வைத்தால் மாதம் போக மாதம் அதன் பெறுமதி ஏற வேண்டும் என்று தீர்த்தது. 2022 நவம்பரில் அமெரிக்கப் போக்குவரத்துத் திணைக்களம் 6 விமான நிறுவனங்களிடமிருந்து 60 கோடி டொலருக்கு மேல் பயணிகளுக்கு வாங்கிக் கொடுத்தது. இதைச் சொன்னதும் தங்கள் அலுவலர், "உங்கள் டிக்கெட் கொழும்பில் வாங்கியதல்லவா" என்றார். அங்கே ஏறுகிற பெறுமதி இங்கே இறங்குகிறது. பாக்கு நீரிணையைக் கடக்கையில் நீதியும் கருமபீடத்துக்கு வரத் தவறிவிட்டது போலும்.

ஒன்றை மட்டும் நேராகச் சொல்லிவிடுகிறேன். 2019 உயிர்த்த ஞாயிறன்று மாமி கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் பூசைக்குப் போயிருக்க வேண்டியவர். முழங்கால் வலி. வீட்டில் நின்றுவிட்டார். அவரோடு வழமையாக ஒரே வாங்கில் இருக்கிறவர்கள் போனார்கள். அந்த ஒரு நாள் வராமல் போனதற்கு மாதாவுக்கு நன்றி சொல்லத்தான் அடுத்த தவக்காலத்தில் வேளாங்கண்ணிக்குப் போனோம். அந்தக் காசு சீட்டுப் போட்டுச் சேர்த்த காசு. அதை வைத்து உங்கள் கடனைக் கட்டினீர்கள், உங்கள் விளம்பரப் பலகையைப் புதுப்பித்தீர்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகு, மூடின கதவுக்கு முன்னால் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த கிழவிக்கு, நீ வரவில்லை என்று எழுதுகிறீர்கள். உங்களுக்கு வெட்கமாயில்லையா?

மன்னிக்கவும். தாங்கள் என்று எழுத வேண்டிய இடத்தில் நீங்கள் என்று வந்துவிட்டது. இன்று வெக்கை அதிகம்.

தங்கள் கருணையை நம்பி மூன்று வேண்டுகோள்கள். ஒன்று: மார்ச் 23ஆம் திகதி அந்த விமானம் எந்த வாயிலில், எத்தனை மணிக்கு, யாரை விமானியாகக் கொண்டு நின்றது என்று எழுத்தில் தாருங்கள். ஒரு விமானமும் நிற்கவில்லையென்றால், அதில் ஏறாமல் விட்டது எப்படி என்பதையும் தாருங்கள். இரண்டு: டிக்கெட் காசை இன்றைய டொலர் விலையில் வங்கிக் கணக்கில் போடுங்கள். கணக்கு இலக்கம் தங்களிடம் உண்டு. இல்லையென்றால் நாங்கள் அனுப்பிய கடிதங்களில் எதையாவது பிரித்துப் பார்க்கலாம். மூன்று: தந்துவிட்டால் நட்சத்திரம் ஐந்தும் தங்களுக்கே. தராவிட்டால் இந்தக் கடிதத்தின் பிரதி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போகும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் எதற்காக இருக்கிறது என்று அங்கே கேட்டுப் பார்க்கிறோம்.

எங்கள் அடுத்த பயணத்துக்கு ஆவலோடு காத்திருப்பதாகத் தங்கள் விளம்பரக் குறுஞ்செய்தி நேற்றும் வந்தது. காத்திருக்க வேண்டாம். 2023 ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையில் கப்பல் விட்டார்கள், சில நாட்களிலேயே நின்றது, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. நாகப்பட்டினத்தில் இறங்கினால் வேளாங்கண்ணி பஸ்ஸில் அரை மணி நேரம். கோட்டையில் ரயிலேறுவது என்று மாமி முடிவு செய்துவிட்டார். மாரிகாலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பல் வராது, அது மாமிக்கும் தெரியும். வராதது கப்பல்தான் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும், ஐயா.

இப்படிக்கு,
தங்கள் பதிவேட்டின்படி இன்னும் வந்து சேராத,
கிராண்ட்பாஸ் குடும்பம்