ஆயில் டின் அண்ணாச்சி

விளையாத சரக்குக்கெல்லாம் விலை சொன்ன ஊர் விருதுநகர். உளுந்து எங்கிருந்தோ வரும், வத்தல் எங்கிருந்தோ வரும். விலை இங்கே முடிவாகும். அந்த மண்ணில் பிறந்து எக்ஸ்.எல். ஓட்டுகிறவர் ஹைட்ராலிக் கிளட்சுக்கு வைத்தியம் சொன்னால் குற்றமா? எக்ஸ்.எல்.லில் கிளட்ச் லிவரே கிடையாது என்பது வேறு விஷயம்.

சிவகாசி ரோட்டில் எந்த மெக்கானிக் கடைக்குப் போனாலும் அவர் இருப்பார். கவிழ்த்துப் போட்ட ஆயில் டின்தான் சிம்மாசனம். கடை அவருடையதல்ல, வேலையும் அவருடையதல்ல. டீ வந்தால் முதல் கிளாஸ் அவருடையது.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய பெரிய பைக்கை அங்கே தள்ளிக்கொண்டு போனேன். லிவரை முழுக்கப் பிடித்துக் கியர் போட்டாலும், கயிறு அறுத்த கன்றுக்குட்டி மாதிரி முன்னால் இழுத்தது. நின்றால் நியூட்ரல் விழவில்லை.

"தம்பி, கேபிளை டைட் வைங்க."

"இதுல கேபிளே கிடையாது அண்ணாச்சி. ஆயில்தான் தள்ளுது."

"அதைத்தான் நானும் சொல்றேன். கேபிள் இல்லாததாலதான் இந்தப் பாடு."

அடுத்து பிளேட் வளைஞ்சிருச்சு என்றார். என்ஜின் ஆயில் கெட்டி என்றார். இரண்டாலும் கிளட்ச் கட் ஆகாமல் போகும், உண்மைதான். ஆனால் ஊசியைத் தேட வீட்டை இடிக்கச் சொல்வது அவர் முறை. கடைசியில் சுவரில் தொங்கிய சிவகாசி காலண்டரைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு வரைக்கும் ராகு காலம். நட்டைத் தொடாதே."

மெக்கானிக் பையன் வாய் திறக்கவில்லை, லிவர் பக்கத்து ஆயில் மூடியைத்தான் திறந்தான். உள்ளே கடுங்காப்பி நிறம். மூடியில் டாட் 4 என்று பொறித்திருந்ததைப் படித்த பிறகே புது பாட்டிலை எடுத்தான். சில வண்டிகளுக்கு மினரல் ஆயில். மாற்றி ஊற்றினால் ரப்பர் சீல் போய்விடும். டாட் 4 காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். மழை குறைவென்றுதான் நம் பக்கம் பட்டாசுத் தொழிலே தழைத்தது. இங்கேயே இந்த ஆயில் திறந்துபோட்ட சரவெடியாக நமுத்துவிடுகிறது. காற்றுக் குமிழியும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். நம் கைப்பலமெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்து, பிளேட் முழுசாக விலகாது.

டாங்கில் ஒரு சொட்டுப் பட்டாலும் பெயின்ட் உரியுமென்று துணி போர்த்தினான். கீழே நிப்பிளில் டியூப் மாட்டினான். லிவரைப் பிடித்தபடியே நிப்பிளைத் திறந்து, மூடி, அப்புறம்தான் லிவரை விட்டான். மேலே ஆயில் குறையக் குறைய ஊற்றினான். டியூபில் முத்து முத்தாகக் குமிழி. அண்ணாச்சி டின்னிலிருந்தே "பிடி, விடு" என்று அம்பயர் வேலை பார்த்தார். மிச்சக் காற்று மேலே ஏறட்டும் என்று லிவரைச் சணலால் இழுத்துக் கட்டி ராத்திரி விட்டுவைத்தான்.

காலையில் நியூட்ரல் விரல் பட்டதும் விழுந்தது.

"நான் அப்பவே காத்துன்னு சொன்னேன்ல தம்பி!"

பில்லில் ஆயில், கூலி, நாலு டீ என்றிருந்தது. நானும் பையனும் டீ குடிப்பதில்லை.