சிவப்பு முக்கோணத்தின் இலக்கணம்

நார்வேயில் உருவாகி 2013-இல் வெளிவந்த கஹூட் என்னும் வினாடிவினாச் செயலி, சரியான விடைக்கு மட்டுமன்றி அதைத் தொட்ட வேகத்திற்கும் சேர்த்தே, வினாவொன்றுக்கு வழக்கமாக 1000 வரை புள்ளி வழங்குவதால், தமிழ் வகுப்பில் வல்லினம் மிகுமா, அதாவது இரு சொற்கள் சேருமிடத்தில் க், ச், த், ப் தோன்றுமா என்று நின்று யோசிக்கும் மாணவி பின்தங்க, வினாவையே படிக்காமல், திரையில் ஒரு விடையைக் குறிக்கும் சிவப்பு முக்கோணத்தைத் தட்டியவன் சில வேளை வெற்றி மேடையேறிவிடுகிறான். தொல்காப்பியர் புணரியலை எழுதியபோது செயலியின் இருபது நொடிக் கெடுவை எண்ணியிருக்க நியாயமில்லை. மாணவர் ஈடுபாடு பெருகிற்று என்று பாடக்குறிப்பேட்டில் பதிவாகிறது. அது பொய்யுமன்று, ஏனெனில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் இருமுறை எட்டிப் பார்க்குமளவுக்குக் கூச்சல் எழுகிறது. இணையம் அறுந்த நாளில் மட்டும், வேறு வழியின்றி, இலக்கணம் கரும்பலகையில் நடத்தப்படுகிறது.