குளிர்ந்த காற்றைச் சூடாக்கிக்கொள்ளச் சில யோசனைகள்

உங்கள் பிக்கப்புக்கு மூச்சு முட்டுகிறது. போன வாரம் வரை முட்டவில்லை. டெக்சாஸில், உங்கள் தெருக்கோடி வீட்டுக்காரர் தன் சில்வராடோவின் பானட்டைத் தூக்கி, பளபளக்கும் அலுமினியக் குழாயையும் அதன் நுனியில் உட்கார்ந்திருக்கும் சிவப்புக் கூம்பு ஃபில்டரையும் காட்டினாரே, அந்த நிமிடம் தொடங்கிய வியாதி இது. மருந்துக்குப் பெயர் கோல்ட் ஏர் இன்டேக். கம்பெனி கொடுத்ததை அப்படியே ஓட்டுகிறவனைப் பிக்கப் உலகம் மனிதனாக மதிப்பதில்லை. ஆகவே வைத்தியத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

கொள்கையில் ஒரு குறையும் இல்லை. காற்று குளிரக் குளிர அடர்த்தி கூடும். அடர்த்தி கூடினால் அதே சிலிண்டருக்குள் ஆக்சிஜன் அதிகம் போகும், அதற்கேற்பப் பெட்ரோலும் அதிகம் எரியும், குதிரைத்திறன் கூடும். 30 டிகிரி செல்சியஸ் காற்றோடு ஒப்பிட்டால் 60 டிகிரி காற்று ஏறத்தாழ 9 சதவீதம் மெலிந்தது. இந்தக் கணக்கை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். முந்நூறு நானூறு டாலர் செலவுக்கு வீட்டில் அனுமதி கேட்கும்போது பயன்படும். அதற்குப் பிறகு பயன்படாது.

முதல் வேலை, கம்பெனி வைத்த ஃபில்டர் டப்பாவைக் கழற்றுவது. கறுப்பு பிளாஸ்டிக், பார்க்கச் சகிக்காது. கழற்றும்போது அதன் வாய் எங்கே போகிறது என்று மட்டும் பார்த்துத் தொலைக்காதீர்கள். ஃபெண்டருக்குள்ளோ கிரில்லுக்குப் பின்னாலோ போய், எஞ்சின் சூடு படாத வெளிக்காற்றை இழுக்கும்படிதான் அமைத்திருப்பார்கள். அதாவது, நீங்கள் காசு கொடுத்து வாங்கப்போகும் சாமான் ஏற்கெனவே வண்டியில் இருக்கிறது. வண்டியோடு சேர்ந்து வந்துவிட்டதால் அதற்கு மரியாதை இல்லை, அவ்வளவுதான்.

டப்பாவை ஒட்டி, எங்கும் போகாமல் முட்டுச்சந்தாக முடியும் குடுவை ஒன்றும் பல வண்டிகளில் இருக்கும். இதற்குப் பெயர் ரெசொனேட்டர். 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கிய தத்துவத்தில் வேலை செய்வது. குறுகிய கழுத்துள்ள குடுவை தனக்கென்று ஒரு அதிர்வெண் வைத்திருக்கும். அந்தச் சத்தம் வந்தால் விழுங்கிவிடும். எஞ்சின் காற்றை இழுக்கும்போது எழும் இரைச்சலை அடக்கத்தான் அதை வைத்தார்கள். நமக்கோ அந்த இரைச்சல்தான் மொத்தத் திட்டத்தின் உயிர்நாடி. எதை மறந்தாலும் இதைக் கழற்ற மறக்காதீர்கள்.

இனி குழாய். ரெடிமேட் செட் வாங்குவது சோம்பேறிகளின் வழி. கலைஞன் நேரே ஹார்டுவேர் கடையில் பிளம்பிங் சாமான் இருக்கும் வரிசைக்குப் போவான். சாக்கடைக்குப் போடும் பிவிசி குழாய், இரண்டு எல்போ, ரப்பர் இணைப்பு, நாலு கிளாம்ப், ஒரு டப்பா கறுப்பு ஸ்பிரே பெயின்ட். சாதாரண ஷெட்யூல் 40 பிவிசி தாங்கும் வெப்பம் 60 டிகிரி செல்சியஸ். ஆகஸ்ட் மாதத்து டெக்சாஸில் சிக்னலில் நிற்கும் வண்டியின் பானட்டுக்குள் அதைத் தாண்டுவது பெரிய காரியமல்ல. குழாய் இளகிக் கொஞ்சம் தொய்ந்தால் பதறாதீர்கள். கடையில் கிடைக்காத வளைவு ஒன்று உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

காற்றை அளக்கும் சென்சாருக்குக் குழாயில் ஓட்டை போட வேண்டும். டிரில் வெளியே வந்ததும் விளிம்பில் பிசிறு பிசிறாகப் பிளாஸ்டிக் சுருள் தொங்கும். உப்புக்காகிதம் போட்டுத் தேய்த்து, குழாயைக் கழுவித் துடைப்பது கோழைகளின் பழக்கம். தைரியசாலி அப்படியே மாட்டுவான். சுருளை எஞ்சின் இழுத்துக்கொள்ளும்.

இந்த சென்சாரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கூத்து முழுவதும் நடப்பது இங்கேதான். அதற்குள் மெல்லிய கம்பி ஒன்று மின்சாரத்தால் சூடாகவே இருக்கும். ஓடும் காற்று அதைக் குளிர்விக்கும்; மறுபடி சூடேற்ற எவ்வளவு மின்சாரம் பிடித்தது என்பதை வைத்து உள்ளே போன காற்றின் எடையைக் கம்ப்யூட்டர் கணக்கிடும். கணக்கு முழுதும் கம்பெனிக் குழாயின் விட்டத்துக்குப் போட்டது. நீங்கள் 3 அங்குலக் குழாயை எடுத்துவிட்டு 4 அங்குலம் போட்டால் குறுக்குப் பரப்பு சுமார் 78 சதவீதம் கூடிவிடும். அதே காற்று நிதானமாக நடந்து போகும். ‘காற்று குறைந்துவிட்டது’ என்று நம்பும் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைக்கும். ஆக்சிஜன் சென்சார் கோள்மூட்டியதும் பெட்ரோலைக் கூட்டிச் சமாளிக்கும். சமாளிக்க முடியாத எல்லை வந்ததும் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கைப் போட்டு, பி0171, பி0174 என்று இரண்டு குறிப்பு எழுதி வைக்கும். வி8 எஞ்சினின் இரண்டு பக்கமும் பெட்ரோல் போதாமல் ஓடுகிறது என்று அர்த்தம். விளக்கின் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டினால் சரியாகிவிடும்.

எண்ணெய் தடவிய பஞ்சு ஃபில்டர் என்றால் இன்னும் விசேஷம். கழுவிக் காயவைத்து எண்ணெய் விடும்போது கை தாராளமாக இருக்கட்டும். மிச்ச எண்ணெய் காற்றோடு போய் அந்தக் கம்பியில் படியும். மஞ்சள் விளக்குக்கு இரண்டாவது வழி.

ஃபில்டரை எங்கே வைப்பது என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. முதல் கட்சி, பானட்டுக்குள்ளேயே தடுப்பு எதுவும் இல்லாமல் திறந்து வைக்கும். திறந்தால் நாலு பேர் பார்க்க வேண்டாமா? ரேடியேட்டரைத் தாண்டி வரும் வெந்த காற்றை ஃபில்டர் நெரிசலில் நின்றபடி ஆசை தீரக் குடிக்கும். மனப்பாடம் செய்த 9 சதவீதம் இப்போது திரும்பி வந்து நம்மையே கடிக்கிறது. இரண்டாவது கட்சி கொள்கைப் பிடிப்புள்ளது. நிஜமாகவே குளிர்ந்த காற்று வேண்டும் என்று குழாயை நீட்டி, ஃபில்டரை பம்பருக்குப் பின்னால், தரைக்குப் பக்கத்தில் இறக்கிவிடும். வறண்ட அரிசோனாவில் இது பரவாயில்லை. ஒரு மணி நேர மழைக்கே சாலை குளமாகும் ஹூஸ்டனில் ஃபில்டர் தண்ணீருக்குள் மூழ்கும். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து முட்டும். கனெக்டிங் ராடு வளையும். எஞ்சின் முழுவதையும் மாற்றும் வாய்ப்பு அப்போது கிடைக்கும், அதற்கும் பெரிய ஃபில்டர் மாட்டலாம்.

வாரன்டி பற்றிக் கவலையா? வேறு கடைப் பாகம் மாட்டியதாலேயே வாரன்டியை மறுக்கக் கூடாது என்று 1975-இல் மேக்னசன்-மாஸ் சட்டம் வந்திருக்கிறது. கெட்டுப்போனதற்கு அந்தப் பாகமே காரணம் என்று காட்டிவிட்டால் கதை வேறு. தண்ணீர் குடித்த எஞ்சினில் அதைக் காட்டப் பெரிய துப்பறிவாளர் தேவைப்பட மாட்டார்.

மாட்டியாயிற்று. சக்தி கூடியதா என்று சோதிக்க டைனோவுக்குப் போகலாம். அங்கே பானட்டைத் திறந்து வைத்து, முன்னால் பெரிய ஃபேன் ஒன்றையும் ஓடவிடுவார்கள். சாலையில் எப்போதும் பானட்டைத் திறந்துகொண்டு, முன்னால் ஒரு ஃபேனைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களுக்கு அந்த எண் பொருந்தும். அதைவிட நம்பகமான கருவி உங்கள் காது. ஆக்சிலேட்டரை மிதித்ததும் முன்பு குடுவை விழுங்கிக்கொண்டிருந்த உறுமல் கேபினுக்குள் வரும். உறுமல் வந்தால் வேகம் வந்ததாகத்தான் அர்த்தம். கையில் ஸ்டாப்வாட்ச் வைத்திருக்கும் நண்பர்களை அன்று ஏற்றாதீர்கள்.

மைலேஜ் கூடும் என்று சொல்லிப் பணம் வாங்கியிருந்தால் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் வெளியிட்ட அறிக்கை வீட்டார் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் காலத்து ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் வண்டிகளில் ஃபில்டர் அடைத்துக் கிடந்தாலும் மைலேஜ் சொல்லும்படியாகக் குறைவதில்லை. முழுதாக மிதிக்கும்போது வேகமெடுப்பது மந்தமாகும், அவ்வளவே என்று அளந்து சொல்லிவிட்டார்கள். அடைத்த ஃபில்டருக்கே அப்படி என்றால் சுத்தமான ஃபில்டரை மாற்றி என்ன ஆகப்போகிறது என்று யாராவது கேட்டுவிடுவார்கள்.

கலிஃபோர்னியாவுக்குக் குடிபோகிறவர்களுக்குக் கூடுதல் வேலை உண்டு. அங்கே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புகைச் சோதனை; அப்போது பானட்டைத் திறந்து கண்ணாலும் பார்ப்பார்கள். மாநிலக் காற்று வள வாரியம் கொடுத்த அனுமதி எண் அந்தக் குழாய்க்கு இருக்க வேண்டும். சாக்கடைக் குழாய்க்கு எந்த வாரியமும் எண் கொடுத்திருக்காது. ஆகையால் கழற்றச் சொன்ன கறுப்பு டப்பாவை எறிந்துவிடாமல் கராஜ் பரணில் வையுங்கள். சோதனைக்கு முந்தின இரவு மாட்டுங்கள். வண்டி சத்தமில்லாமல், விளக்கெரியாமல், வெயிலிலும் இழுவை குறையாமல் ஓடும். மனதைத் திடப்படுத்திக்கொண்டு மறுநாளே கழற்றிவிடுங்கள்.

வண்டியை விற்கும்போது டப்பா வண்டியோடு போகட்டும். வாங்குகிறவர் முதலில் கேட்பதே அதைத்தான். அலுமினியக் குழாய் வாங்கியவர்கள் அதைத் துடைத்து, வெயில் படும்படி வைத்துப் படம் எடுத்துத் தனியாக விளம்பரம் போடலாம். ‘குறைவாகவே ஓடியது, 15 குதிரைத்திறன் நிச்சயம்’ என்று எழுதுங்கள். விலையை ரொம்பக் குறைக்காதீர்கள், சந்தேகம் வந்துவிடும்.