‘அப்டேட்ஸ்’ என்னும் ஒருசொல் உரை: ஓர் ஆராய்ச்சி

நூலுக்கு எழுதப்படும் உரையைக் காண்டிகை, விருத்தி என இரண்டாகப் பிரித்தார் நன்னூல் செய்த பவணந்தியார். பாவம், அவர் ரௌட்டர் காப்பகங்களைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருப்பார்: ‘அப்டேட்ஸ்’.

இவ்வுரையின் ஆசிரியர் ரான்சிட் என்னும் மென்பொருள். குறித்த வேளையில் அது ஒவ்வொரு ரௌட்டருக்குள்ளும் நுழைந்து, கான்ஃபிக் என்னும் அமைப்புக் கட்டளைத் தொகுப்பைப் படியெடுக்கும். பழைய படியோடு ஒப்பிட்டுப் பாடபேதம் கண்டால், பொறியாளர்களுக்கு மின்னஞ்சல் தட்டிவிட்டு, புதிய படியை சிவிஎஸ், கிட் போன்ற காப்பகத்தில் சேர்த்துவைக்கும். ஏன் இந்த மாற்றம் என்று எழுதவேண்டிய இடத்தில் அது எழுதுவது ‘அப்டேட்ஸ்’. பத்தாண்டுக் காப்பகத்தைப் புரட்டினாலும் அதே சொல்தான். தனியே ஓட்டும்போது சில வேளை ‘இன்னார் உபயம்’ என்றும் ஒட்டிக்கொள்ளும், கோயில் டியூப்லைட்டில் எழுதுவதுபோல. பின்னால் வந்த ஆக்ஸிடைஸ்டு என்னும் மென்பொருள் ‘அப்டேட்’ என ஒருமைக்கு மாறி, ரௌட்டரின் பெயரையும் சேர்த்தது. ஆய்வுலகம் இதை வளர்ச்சி என்றே கொள்ளும்.

மனிதர்கள் காரணம் எழுத முயலாமல் இல்லை. சிஸ்கோ ரௌட்டரில் வியப்புக்குறியோடு தொடங்கும் வரி, குறிப்பு. ரௌட்டர் அதை மறுக்காமல் வாங்கிக்கொள்ளும், சேமிக்காது. காதில் வாங்கிக் காற்றில் விடும் இந்தக் குணத்தைக் கண்ட உரையாசிரியர்கள், மூலத்துக்குள்ளேயே ஒளியத் தொடங்கினார்கள். போர்ட்டுக்கு ‘டிஸ்கிரிப்ஷன்’, ஆக்ஸஸ் லிஸ்ட்டுக்கு ‘ரிமார்க்’. ரிமார்க்குக்கு 100 எழுத்துதான் வரம்பு. ‘தற்காலிகம், கேட்டுவிட்டு நீக்கவும்’ என்று எழுதிய பிறகும் அதில் தாராளமாக இடம் மிஞ்சும். யாரைக் கேட்பது என்பதை மட்டும் எவரும் எழுதுவதில்லை.

ஜூனிபர் ரௌட்டர் கொஞ்சம் தாராளம். மாற்றத்தை ‘கமிட்’ செய்து நடைமுறைப்படுத்தும்போதே காரணத்தையும் எழுதலாம். 0 முதல் 49 வரை 50 படிகளை ரௌட்டரே வைத்துக்கொள்ளும். அடுத்த கமிட்டில் ஆகப் பழையது உதிரும்.

சிஸ்கோ ரௌட்டர் தன் கைப்பட எழுதும் உரையும் ஒன்று உண்டு: கடைசியாக மாற்றியது எப்போது, யார். எதையும் தொடாமல் கான்ஃபிக் பகுதிக்குள் எட்டிப்பார்த்துத் திரும்பினாலும் அதில் நேரம் மாறிவிடும். அதனால் ரான்சிட் அந்த வரியையே வெட்டி எறிகிறது. வெட்டுவது நியாயம்தான். பேட்டரிக் கடிகாரம் இல்லாத பழைய ரௌட்டர்கள் பல, மின்தடைக்குப் பின் கண்விழிக்கும்போது காட்டும் தேதி 1993 மார்ச் 1. நேரத்தைச் சரிசெய்யாமல் யாராவது கைவைத்தால் அந்தத் தேதியே அவர் பெயரோடு பதிவாகும். அன்று அவர் பிறந்திருக்கவே மாட்டார்.