நாற்றம் பதிவு செய்யப்பட்டது

2007 ஜூலை 9. அமெரிக்கக் கார் பந்தய அமைப்பான நாஸ்காரின் செஸ்னா 310 விமானத்தில், நடுவானில் வானிலை ரேடார் திரை வெறுமையாகிவிட, அதை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தார் ஒரு விமானி. கருகல் நாற்றம் குப்பென்று வந்தது. ரேடாரை அணைத்தார், அதன் சர்க்யூட் பிரேக்கரை வெளியே இழுத்துவிட்டார். நாற்றம் நின்றது. இறங்கியதும் பழுதேட்டில் எழுதியும் வைத்தார்.

எழுதியாயிற்று, அப்புறம் என்ன? பராமரிப்புப் பிரிவு எழுத்தைப் பெற்றுக்கொண்டது, கம்பியைத் தொடவில்லை. தாளில் ஏறிய நாற்றம் விமானத்தை விட்டு இறங்கிவிடும் என்று நம்பினார்களோ என்னவோ! மறுநாளே பறக்க அனுமதி.

கண்ணில்லாத அமைப்பு என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு வாரம் முன்புதான் சோனோமா பந்தயத்தில் இரண்டு கார்களின் மட்கார்டு விதிக்கு மாறாக வளைந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அணித் தலைவர்களுக்கு ஆளுக்கு ஒரு லட்சம் டாலர் அபராதம், ஆறு பந்தயத் தடை. மட்கார்டு வளைந்தால் தர்மமே கெட்டுவிடும். தங்கள் விமானத்தில் கம்பி கருகினால் அது வெறும் குறிப்பு.

ஜூலை 10 காலை டேடோனா பீச்சில் கிளம்பும்போது, இழுத்துவிட்டிருந்த பிரேக்கரை விமானிகள் மறுபடி உள்ளே தள்ளியிருக்க வேண்டும் என்கிறது விசாரணை. குறும்புக்காக அல்ல, கிளம்புமுன் பார்க்கும் சரிபார்ப்புப் பட்டியலின் வழக்கம் அப்படி. பிரேக்கர் ஏன் வெளியே நிற்கிறது என்று பட்டியல் கேட்காது. யாரும் உள்ளே தள்ளிவிடாமலிருக்க அதன் கழுத்தில் மாட்டும் அற்ப விலைப் பிளாஸ்டிக் வளையம் ஒன்று உண்டு. அதை மாட்டவும் ஒரு மனிதர் எழுந்து போகவேண்டுமே.

சில நிமிடங்களில் விமானத்துக்குள் புகை. சான்ஃபோர்டு விமான நிலையத்தில் இறங்கப் பார்த்தார்கள். ரேடியோவையும் மின்சாரத்தையும் நிறுத்துவதாகச் சொன்ன பேச்சு பாதியில் அறுந்தது. விமானம் வீடுகள்மேல் விழுந்தது. விமானத்திலிருந்த இருவரும் செத்தார்கள். தரையில் ஓர் இளம்பெண், இரண்டு குழந்தைகள். பழுதேட்டில் கையெழுத்துப் போடாத, அதைப் பார்த்தேயிராத மூவர்.

தெரிந்த பழுதோடு பறக்கவிட்ட நிர்வாகமும் பராமரிப்பாளர்களும், தெரிந்தும் பறந்த விமானிகளும்தான் காரணம் என்று விபத்து விசாரணை வாரியம் 2009இல் சொன்னது. தானாக விழுந்த பிரேக்கரைப் பறக்கும்போது தள்ளாதீர்கள், பத்திரமாகப் பறந்து இறங்குவதற்கு அது இல்லாமல் முடியாது என்றாலொழிய என்று அமெரிக்க விமானத்துறை 2010இல் அறிவுறுத்தியது. மகாஜனங்களே, மின்சாரம் வழிதவறியதால்தான் பிரேக்கர் விழுகிறது என்பது புரிவதற்கே இத்தனை சாவு தேவைப்பட்டிருக்கிறது!

இன்னமும் பழைய சிறு விமானங்களில் "ஒரு தடவை தள்ளித்தான் பார்ப்போமே" என்கிற சூரர்கள் இருக்கிறார்கள். தள்ளட்டும். அதற்குமுன் ஜன்னலைப் பார்த்து, கீழே யார் வீடு என்று தெரிந்துகொண்டு தள்ளட்டும்.