ஓய்வு பெறத் தெரியாத வாத்தியார்

நான் ஓய்வு பெற இன்னும் சில வருஷங்கள் இருக்கின்றன. ஆனாலும் ஆயத்தங்கள் முடிந்துவிட்டன. சாய்வு நாற்காலி வாங்கியாயிற்று. ஃபேனுக்கு நேர் கீழே அதற்கு இடமும் பார்த்தாயிற்று. இந்த நிம்மதியைக் கெடுத்தவர், எப்போதோ காலமாகிவிட்ட ஒரு கணக்கு வாத்தியார்.

பி.கே. சீனிவாசன் என்று பெயர். சென்னை முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். 1924இல் பிறந்து 2005இல் மறைந்தார். நான் அவரிடம் படித்தவனல்ல. அது என் துரதிர்ஷ்டம் என்று சபை நாகரிகத்துக்குச் சொல்லலாம். என் மார்க் ஷீட்டைப் பார்த்தவர்கள் அவருடைய அதிர்ஷ்டம் என்பார்கள்.

அவரைப் பற்றி என் மனைவி எங்கோ படித்துவிட்டாள். அன்றிலிருந்து நான் நாற்காலிப் பக்கம் திரும்பினாலே, “ஏங்க, அந்த வாத்தியார் ரிட்டயர் ஆன பிறகு என்ன பண்ணினார் தெரியுமா?” என்று ஆரம்பித்துவிடுகிறாள்.

தெரியும். அவள் சொல்லித்தான் தெரியும். 1993இல் ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் தொடங்கியபோது, அதைக் கட்டிக்காக்கும் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். அப்போது வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வயதில் நான் எதைக் கட்டிக்காப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன். டிவி ரிமோட்டைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை.

ராமானுஜன்மேல் அவருக்கு இருந்தது சாதாரணப் பற்றல்ல. மேதை 1920லேயே போய்விட்டார். அவரோடு பழகியவர்களும் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தார்கள். இருந்தவர்களிடமிருந்து கடிதங்களையும் நினைவுகளையும் திரட்டி, 1968இல் இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். பல்கலைக்கழகம் செய்யவேண்டிய வேலை. ஆனால் வெளியிட்டது முத்தியால்பேட்டைப் பள்ளியின் ‘எண் நண்பர்கள்’ சங்கத்துப் பழைய மாணவர்கள். வாத்தியார் கேட்டால் பழைய பையன்கள் புத்தகமே போடுகிறார்கள் என்றால், அவர் எப்படிப் பாடம் நடத்தியிருப்பார் என்று தனியாகச் சான்று தேடவேண்டியதில்லை.

எண்களை நண்பர்கள் என்று சொல்லி ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கம் நடந்திருக்கிறது! என் வீட்டுக்கு எண்கள் கடன்காரர்களாகத்தான் வந்து போகின்றன. கரண்ட் பில்லாக வரும், மளிகைச் சீட்டாக வரும், பள்ளிக் கட்டணமாக வரும். ஒன்றாவது உட்கார்ந்து பேசிவிட்டுப் போனதில்லை.

காலண்டரை மட்டும் வைத்துக்கொண்டு கணக்கு விளையாட அவர் ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். எனக்குப் பிடித்துப்போனது அதுதான். செலவில்லை. மளிகைக் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த மாதக் காலண்டர் போதும். (ராகு காலம், எமகண்டம் போட்ட நாள் காலண்டர் இதற்கு உதவாது, அதில் ஒரு தாளுக்கு ஒரு தேதிதான்.)

மகளைக் கூப்பிட்டேன். “மூணுக்கு மூணு கட்டம் போடு. ஒன்பது தேதியையும் கூட்டினா என்ன வரும்னு அப்பா பட்டுன்னு சொல்றேன்.” ரகசியம் எளியது. நடுவில் இருக்கிற எண்ணை ஒன்பதால் பெருக்கினால் போதும். அவள் 5ஆம் தேதியில் தொடங்கி 21இல் முடிகிற மாதிரி கட்டம் போட்டாள். நடுவில் 13. அதன்மேல் மனைவி ‘பால் 2’ என்று எழுதியிருந்ததால் கண்டுபிடிக்கவே கொஞ்சம் நேரமாயிற்று. கண்டுபிடித்துவிட்டு ஃபேனைப் பார்த்தபடி நின்றேன். ஒன்பதாம் வாய்ப்பாடு பத்தோடு நின்றுபோயிருந்தது. அங்கிருந்து விரல்விட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தபோதே, “117 அப்பா” என்றாள். ஒவ்வொன்றாகக் கூட்டியே முடித்துவிட்டாள்.

அடுத்த வித்தைக்குப் போனேன். இரண்டுக்கு இரண்டு கட்டம்: 8, 9, கீழே 15, 16. குறுக்காகக் கூட்டினால் இரண்டு பக்கமும் 24. குறுக்காகப் பெருக்கினால் 128, 135. வித்தியாசம் 7. எந்த மாதத்தில் எந்த நாலு தேதியை இப்படி எடுத்தாலும் அதே 7. இதை நான் பெரிய ரகசியம்போல அறிவித்தேன்.

தோசைக் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்த மனைவி, “கீழே இறங்கினா ஏழு கூடுது, பக்கத்துல நகர்ந்தா ஒண்ணு கூடுது. பின்னே ஏழு வராம எட்டா வரும்?” என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். சீனிவாசன் உயிரோடு இருந்திருந்தால் அவளைச் சங்கத்தில் சேர்த்துக்கொண்டிருப்பார். என்னைச் சந்தா வசூலிக்க வைத்திருப்பார், அதுவும் யோசித்துத்தான்.

வாத்தியார்கள் ஓய்வு பெறும்போது பொன்னாடை போர்த்தி, கடிகாரம் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். இவருக்குக் கொடுக்கவேண்டியிருந்தது மாதக் காலண்டர்தான். அதிலும் பழசு போதும்.

உங்கள் வீட்டில் குழந்தைகள் இருந்தால், இன்றைக்கே அந்த ஒன்பது தேதிக் கட்டத்தைப் போட்டுக் காட்டுங்கள். ஆனால் ஒரு வேண்டுகோள்: கூப்பிடுவதற்கு முன்னால் சமையலறைப் பக்கமாகப் போய், ஒன்பதாம் வாய்ப்பாட்டை ஒருமுறை சத்தம் வராமல் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.